அட்டையா, நடுப்பக்கமா: மாணவர் இசை இதழுக்கு எந்த வடிவம்?

திருவல்லிக்கேணியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். சென்னையில் இப்போது பாடிக்கொண்டிருக்கிற கானா, ராப், சுயாதீன இசைக் கலைஞர்களைப் பற்றி ஓர் இதழ் கொண்டுவரப் போகிறார்கள். சொந்தக் காசு, 200 பிரதி, கலைவிழா அன்று காலையில் கையில் இருக்க வேண்டும். அட்டையை மட்டும் ஏழு விதமாகச் செய்து கைப்பேசியில் வைத்திருந்தார்கள். "அண்ணா, இதில் எதை வைக்கலாம்?" என்று கேட்டார் அந்தக் குழுவுக்கு ஆசிரியராக இருந்த மாணவி. ஏழும் நன்றாகத்தான் இருந்தன. உள்ளே என்ன வருகிறது என்று கேட்டேன். "உள்பக்கம் இன்னும் தொடங்கவில்லை" என்றார்கள்.

மாணவர் இதழ்கள் பலவற்றுக்கு லேஅவுட் செய்திருக்கிறேன். பெரும்பாலும் இதே வரிசையில்தான் வருகிறார்கள். முதலில் அட்டை, பிறகு பொருளடக்கம், நேரமும் பணமும் தீர்ந்துபோன பிறகு கட்டுரைகள். இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வது என் வழக்கம். முதலில் நடுப்பக்கத்தை முடிவு செய்யுங்கள். இதழின் நடுவில் விரியும் அந்த இரண்டு பக்கங்களில் எது வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் அளவு, தாள், எழுத்து, அட்டை எல்லாம் அதன் பின்னாலேயே வந்து சேரும். அன்று அவர்கள் மேசையில் மூன்று திட்டங்களை வைத்தார்கள். அந்த மூன்றையும் ஒப்பிட்டபடியே காரணத்தைச் சொல்கிறேன்.

நடுப்பக்கத்துக்கு அவர்களிடம் ஏற்கெனவே சரக்கு இருந்தது. வியாசர்பாடியைச் சேர்ந்த ஒரு கானாப் பாடகருடன் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்திருந்தார்கள். தெருமுனை மேடை ஒன்றில் அவர் குழுவோடு பாடும்போது எடுத்த படங்களும் இருந்தன. இதைக் கையில் வைத்துக்கொண்டு அட்டைக்கு இணையத்தில் யார் முகத்தையோ தேடிக்கொண்டிருந்தார்களே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மூன்று அளவுகள்

முதல் திட்டம் ஏ4. எல்லாப் பக்கமும் கலர், பளபளக்கும் ஆர்ட் பேப்பர், கடையில் தொங்கும் இதழ் போன்ற தோற்றம். இதற்கு ஆசைப்படுவதில் தவறில்லை. எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஏ4 மாதிரிப் பக்கங்கள்தான் முதலில் கிடைக்கின்றன. மூன்று பத்தி பிரிக்கலாம், பெட்டிச் செய்தி வைக்கலாம், ஒரே பக்கத்தில் ஆறேழு சிறு விமர்சனங்களை அடுக்கலாம். இடம் தாராளம்.

அந்தத் தாராளம்தான் சிக்கலும். ஏ4 இதழை விரித்தால் ஏ3, அதாவது 420 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். அச்சுக்கு வழக்கமாகக் கேட்கும் அடர்த்தி அங்குலத்துக்கு 300 பிக்சல். அந்தக் கணக்கில் நடுப்பக்கம் முழுவதையும் நிரப்பும் படத்துக்கு ஏறக்குறைய 4960 × 3500 பிக்சல் வேண்டும். 17 மெகாபிக்சலுக்கு மேல். அவர்கள் படம் எடுத்தது 12 மெகாபிக்சல் கைப்பேசியில், அதுவும் இரவில், ஒரே ஒரு குழல்விளக்கும் சிவப்பு சீரியல் விளக்கும் இருந்த மேடையில். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பெரிதாக்கி எடுத்ததால் உண்மையான விவரம் அதைவிடக் குறைவு. போதாததற்குப் படங்களை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே படம் சுருங்கிவிடும். கைப்பேசித் திரையில் அழகாகத் தெரிந்த பாடகரின் முகம் ஏ3 அகலத்தில் மணல் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. கலர் பிரின்ட் அவுட் எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். எடுத்தவரிடமிருந்து மூலப் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள், அல்லது பென்டிரைவில் வாங்குங்கள். எந்த அளவைத் தேர்ந்தாலும் இது பொருந்தும்.

பக்கம் பெரிதாக இருந்தால் அதை நிரப்பவும் வேண்டும். ஐந்து பேர், தேர்வுக்கு நடுவே. இருபது ஏ4 பக்கங்களுக்கு அவர்களிடம் எழுத்து இல்லை. எழுத்து இல்லாத இடத்தில் நட்சத்திரம், ஹெட்போன், இசைக்குறிகள் என்று கிளிப் ஆர்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்களுடைய பொருளடக்கப் பக்கத்தில் ஏற்கெனவே பதினொரு இசைக்குறிகள் பறந்துகொண்டிருந்தன.

இரண்டாவது திட்டம் டேப்லாய்டு அளவில், அதாவது வழக்கமான நாளிதழில் ஏறக்குறைய பாதி அளவில், செய்தித்தாள். 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் இதழும் முதலில் செய்தித்தாள் காகிதத்தில்தான் வந்தது என்பதை ஒரு மாணவர் படித்திருந்தார். யோசனை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் செய்தித்தாள் அடிக்கும் ரோட்டரி இயந்திரம் ஆயிரக்கணக்கில் ஓட்டுவதற்கானது. 200 பிரதிக்கு அதை யாரும் திருப்ப மாட்டார்கள். அந்தக் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும் என்பதால் இருட்டு மேடைப் படங்கள் கரித்துண்டாகிவிடும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களும் 3000 பிரதிக்கு வாசகரும் இருக்கிற குழு இதை எடுக்கலாம்.

மூன்றாவது, ஏ5. இதை அவர்கள் கடைசியாகத்தான் சொன்னார்கள், "பணம் பற்றாவிட்டால் பார்க்கலாம்" என்ற குரலில். எனக்கு இதுதான் முதல் தேர்வு. செலவு பாதியாகக் குறைவது இரண்டாவது காரணம்தான்.

ஏ5 இதழை விரித்தால் ஏ4. முழு நடுப்பக்கத்துக்கு 3508 × 2480 பிக்சல் போதும், ஒன்பது மெகாபிக்சலுக்குள். கைப்பேசிப் படம் அதில் கௌரவமாக நிற்கும். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் வைத்துப் படிக்கலாம். பிடிஎஃப் ஆக அனுப்பினாலும் கைப்பேசித் திரையில் ஏ4 பக்கத்தைப்போல் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. தமிழில் பாட்டைப் பற்றிய அச்சு என்பதே கையடக்கமாகத்தான் வளர்ந்தது. ஒரு காலத்தில் திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாள், ஒரே மை, அட்டையில் ஒரு படம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். இசை இதழ் செய்ய நினைக்கும் மாணவர்கள் இணையத்தில் மாதிரி தேடுவதற்கு முன் ஒரு நாள் அங்கே போய்வர வேண்டும். சின்னப் பக்கத்தில் தலைப்பையும் படத்தையும் பாட்டையும் எப்படி நெருக்கடி இல்லாமல் அமர்த்தியிருக்கிறார்கள் என்பது பாடமாகவே இருக்கும்.

நடுவில் ஒரே ஒரு தாள்

சென்டர் பின், அதாவது நடு மடிப்பில் பின், அடிக்கும் இதழில் ஒவ்வொரு தாளும் நான்கு பக்கம். எனவே மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 18 பக்கம், 22 பக்கம் என்று யாராவது திட்டம் போட்டால் வெற்றுப் பக்கம் விழும். அட்டை நான்கு பக்கம், உள்ளே 20 பக்கம் என்று வைத்துக்கொண்டோம். உள்ளே ஐந்து தாள். நடுத்தாளின் உட்புறத்தில் 10, 11. அதன் பின்புறத்தில் 9, 12.

மற்றப் பக்கங்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு தாளில் அச்சாகின்றன. அவற்றின் குறுக்கே ஒரு படத்தை ஓட்டினால் மடிப்பில் ஒரு மில்லிமீட்டராவது விலகும். முகம் என்றால் மூக்கு இரண்டாகும். 10, 11 பக்கங்கள் மட்டும் ஒரே தாளின் ஒரே முகம். அங்கே படம் உடையாது. அதோடு கலர் அச்சை அந்த ஒரு தாளோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்கு பக்கம் கலர், பதினாறு பக்கம் கறுப்பு. அந்தத் தாளை மட்டும் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) ஆர்ட் பேப்பராகவும் மற்ற நான்கையும் பளபளப்பில்லாத மேப்லித்தோவாகவும் வைக்கலாம். எல்லாப் பக்கமும் கலராக இருக்கும் இதழில் எந்தப் பக்கமும் கண்ணில் நிற்காது. எட்டுப் பக்கம் கறுப்பு வெள்ளையாகப் புரட்டி வந்தவர் கைக்கு நடுவில் தாளே மாறி, வண்ணம் விரியும்போது அந்தக் கானாப் பாடகருக்கு ஒரு மேடை கிடைக்கிறது.

மேப்லித்தோவில் 70 ஜிஎஸ்எம் வேண்டாம். பின்பக்கத்துப் படம் முன்னால் நிழலாடும். 90 எடுங்கள். கரூர் காகிதபுரத்து ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள் என்று சொன்னபோது, அதை ஒரு வரியாக இதழில் போடலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். தாராளமாகப் போடலாம்.

படம் குழுவுடையது என்றால் நடுப்பக்கத்தை விட்டால் வேறு இடமே இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலில் மேடையேறியபோது அதில் 19 பேர். அப்படி ஒரு குழுவின் படத்தை நின்றவாக்குப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு முகமும் பட்டாணி அளவுதான். இரண்டு பக்க அகலம் கொடுத்தால்தான் பறை யார் கையில், கிதார் யார் கையில் என்பதாவது தெரியும்.

தமிழ் எழுத்து என்ன கேட்கிறது

இந்த இடத்தில்தான் மாணவர்களோடு நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் மாதிரிப் பக்கங்கள் எல்லாம் ஆங்கில இதழ்களுடையவை. ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதலாம், மேற்கோளைச் சாய்வெழுத்தில் வைக்கலாம். பக்கத்தில் எது முக்கியம் என்பதைக் காட்ட அவர்களுக்கு இந்த இரண்டு வழிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. சாய்வெழுத்து என்பது நம் எழுத்தைப் பிடித்துத் தள்ளியதுபோல்தான் இருக்கிறது. ண, ஞ போன்ற எழுத்துகள் தள்ளாடும். நமக்குத் தடிமன், அளவு, வண்ணம், வெற்றிடம் என்ற நான்கு கருவிகள்தான். ஆங்கில மாதிரியில் தமிழை ஊற்றினால் பக்கம் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

ஆசிரியர் மாணவி செய்திருந்த முதல் நடுப்பக்கத்தில் பேட்டி முழுவதும் இருட்டுப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தாக இருந்தது. எழுத்து எட்டு புள்ளி (பாயின்ட்) அளவு. திரையில் கம்பீரமாகத்தான் இருந்தது. கலர் பிரின்ட் அவுட்டில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இருட்டு என்பது நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வருவது. அவற்றில் ஒன்று மயிரிழை விலகினாலும் வெள்ளை எழுத்தின் ஓரத்தை மை தின்னும். ஆங்கில எழுத்துக்கு அதனால் கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான். தமிழுக்குப் புள்ளியே போய்விடும். 'பாட்டு' என்று அவர் எழுதியது தாளில் 'பாடடு' என்று இருந்தது. 'மக்கள்' 'மககள' ஆகியிருந்தது. அவர் கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. பிறகு மடிக்கணினியைத் திறந்து பேட்டியை வெள்ளைப் பின்னணிக்கு மாற்றத் தொடங்கினார்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஓர் இதழ் இப்படியே அச்சாகிப் போயிற்று. அதில் ஒரு கவிதை இருந்தது. எழுதிய பையன் பிரதியைக் கையில் வாங்கியபோது அவன் முகம் போன விதம் இன்றும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன். படத்தின் மேல் எழுத்து வேண்டும் என்றால் தலைப்பு மட்டும், 24 புள்ளிக்குமேல், தடித்த எழுத்தில். பேட்டி வாசகம் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில்.

இதற்கு மாணவர்கள் காட்டும் எதிர்வாதம் டேவிட் கார்சன். 1990களில் அமெரிக்காவின் ரே கன் இசை இதழை வடிவமைத்தவர். ஒரு பேட்டி சலிப்பாக இருந்தது என்று அதை முழுவதும் எழுத்தே இல்லாத குறியீட்டு எழுத்துருவில் அச்சிட்டவர். படிக்க முடியாத பக்கமும் இசையின் உணர்வைச் சொல்லலாம் என்கிறார்கள். சொல்லலாம்தான். ஆனால் அவர் அதே பேட்டியை அதே இதழின் பின்பகுதியில் படிக்கும்படியாகவும் அச்சிட்டார். இன்னொன்று, அந்தப் பேட்டி தந்தவர் ஏற்கெனவே உலகம் முழுக்கப் பேசிக் கேட்கப்பட்டவர். வியாசர்பாடிப் பாடகரின் பேச்சு அச்சில் வருவது அநேகமாக இதுதான் முதல் தடவை. அவர் சொன்னதைப் படிக்க முடியாமல் செய்ய நமக்கு உரிமை இல்லை.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. நம் எழுத்துக்கு மேலே கொக்கியும் புள்ளியும் உண்டு, கீழே 'கு', 'ளு', 'து' என்று இறங்குவதும் உண்டு. மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் இடித்துக்கொண்டால் கண் தடுமாறும். பத்துப் புள்ளி எழுத்துக்கு 12 வைத்தால் நெரிசல், 14.5 அல்லது 15 வையுங்கள். இரண்டு வரித் தலைப்புகளில் இதைக் கையாலேயே சரிபார்க்க வேண்டும்.

பத்தி பிரிப்பதில் இரண்டு வாய்ப்புகள். ஏ5 பக்கத்தில் ஓரங்கள் போக ஏறக்குறைய 118 மில்லிமீட்டர் மிஞ்சும். அதை இரண்டு பத்தியாக வெட்டினால் ஒவ்வொன்றும் 56. 'பாடிக்கொண்டிருந்தபோது' என்ற ஒரே சொல் அதில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று மென்பொருளிடம் சொன்னால் அது சொற்களுக்கு இடையில் ஆறு ஓடுவதுபோல் வெள்ளை இடைவெளி விடும். எனவே கட்டுரைகளுக்கு ஒரே பத்தி, ஓரத்தைக் கொஞ்சம் அகலமாக்கி. சின்னச் சின்ன விமர்சனங்களுக்கு மட்டும் இரண்டு பத்தி, இடப்பக்கம் நேர், வலப்பக்கம் அதன் போக்கில். வலது ஓரம் மேடுபள்ளமாக இருந்தால் அழகில்லை என்று ஒருவர் சொன்னார். சொற்கள் தம் இயல்பான இடைவெளியில் நிற்பதுதான் அழகு என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துருவில் நல்ல காலம் வந்துவிட்டது. இலவசமாக, அச்சுக்கு உரிமையோடு கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்களே போதும். கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் இரண்டையும் ஒரே பத்தியில் அடித்துப் பார்த்தோம். நோட்டோ செரிஃப் புத்தகத்தின் அமைதியைத் தருகிறது. முக்த மலர் கொஞ்சம் இளமையாக, காற்றோட்டமாக இருக்கிறது. இசை இதழுக்கு இரண்டாவதை எடுத்தோம். தலைப்புக்கு அனெக் தமிழ். ஒரே குடும்பத்தில் ஒடுங்கிய வடிவம் முதல் அகன்ற வடிவம் வரை இருப்பதால் 'சுயாதீன இசைக்கலைஞர்கள்' என்ற நீண்ட தலைப்பையும் 'கானா' என்ற இரண்டெழுத்துத் தலைப்பையும் ஒரே அகலத்தில் நிறுத்த முடிகிறது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன் எழுத்துருவில் ஒன்பது தடிமன்கள் உண்டு. பெயரே நம் கட்டுமரம்தான். பேட்டியில் கேள்வியைத் தடித்தும் பதிலைச் சாதாரணமாகவும் வைக்க நினைப்பவர்களுக்கு அது வசதி. ஓர் இதழுக்கு இரண்டு எழுத்துருவுக்குமேல் வேண்டாம்.

பேட்டியைக் கேள்வி-பதிலாக வைப்பதா, கட்டுரையாக எழுதுவதா என்ற விவாதம் அவர்களுக்குள் நடந்தது. நான் கேள்வி-பதில் பக்கம். கானாப் பாடகரின் பேச்சு வடசென்னைப் பேச்சு. அதைக் கட்டுரையின் நடைக்குள் கரைத்தால் அவர் குரல் போய்விடும். பதில் அவருடைய சொற்களிலேயே நிற்கட்டும். அறிமுகம் மட்டும் எட்டு வரி, உங்கள் நடையில்.

அட்டை

கடையில் விற்கும் இதழுக்கு அட்டையில் முகம் வேண்டும். அதுவும் நம்மைப் பார்க்கும் கண்ணோடு. கயிற்றில் தொங்கும் இருபது இதழ்களுக்கு நடுவே அதுதான் கூப்பிடும். இந்த 200 பிரதி எந்தக் கயிற்றிலும் தொங்கப் போவதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகப் போகிறது. அதற்குக் கூவல் தேவையில்லை, தொட்டுப் பார்க்கத் தோன்றினால் போதும்.

அவர்களுடைய ஏழு அட்டைகளில் ஐந்தில் இருந்தவை இணையத்தில் எடுத்த நட்சத்திரப் படங்கள். அந்தப் படங்களுக்கு உரிமையாளர் உண்டு. மாணவர் இதழ் என்பதால் மட்டும் அனுமதி கிடைத்துவிடாது. பாட்டு வரிகளுக்கும் இதுதான். விமர்சனத்துக்காக ஓரிரு வரியை எடுத்துக்காட்டுவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. முழுப் பாட்டையும் அச்சிட வேண்டும் என்றால் எழுதியவரிடமும் உரிமை வைத்திருப்பவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்தக் கானாப் பாடகர் தான் எழுதிய பாட்டு ஒன்றை முழுவதுமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அது 9ஆம் பக்கத்தில், கலரில்.

கலர் அட்டைக்குப் பதிலாக நான் சொன்னது ஸ்கிரீன் பிரின்டிங். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்கென்று விதவிதமான வண்ண அட்டைகள் கிடைக்கின்றன. அதே பத்திரிகைகளை அடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங் ஆட்கள் 200 பிரதியைச் சின்ன வேலை என்று தள்ள மாட்டார்கள். கருநீல அட்டையில் வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு மை. மை கனமாக உட்காரும், விரலால் தடவினால் மேடு தெரியும். டிஜிட்டல் அச்சில் கருநீல அட்டைமேல் வெள்ளை மை விழ வைப்பது லேசில்லை. ஆனால் ஸ்கிரீன் பிரின்டிங்கில் புகைப்படத்தின் நுண்ணிய நிழல்கள் சரியாக வராது. அதனால் அட்டைக்குப் படம் போய்க் கோட்டோவியம் வந்தது. மைக்கைப் பிடித்த கை மட்டும், முகம் இல்லாமல். குழுவில் வரையத் தெரிந்த ஒருவர் ஒரே இரவில் வரைந்து கொண்டுவந்தார்.

இதழின் பெயரை எழுத்துருவில் அடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். சென்னையின் சுவர்களிலும் சினிமா பேனர்களிலும் கையால் எழுதிய தமிழ் எவ்வளவு துள்ளலோடு இருந்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிரஷ்ஷால் ஐம்பது தடவை எழுதச் சொன்னேன். நாற்பதாவது தடவைக்குமேல் கை தயக்கத்தை விடும். அதிலிருந்து ஒன்றை எடுத்து ஸ்கேன் செய்து சுத்தம் செய்தோம். உலகத்தில் வேறு எந்த இதழுக்கும் அந்தப் பெயரெழுத்து இல்லை.

மென்பொருளும் அச்சும்

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. கேன்வா கற்றுக்கொள்ள எளிது. அட்டைக்கும் சுவரொட்டிக்கும் நல்லது. ஆனால் இருபது பக்கக் கட்டுரைகளை அதில் கையாள்வது பாடு. திருத்தத்தில் நான்கு வரி கூடினால் அடுத்தடுத்த பக்கங்களைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. இன்டிசைன் இந்த வேலைக்கென்றே பிறந்தது, ஆனால் சந்தா கட்ட வேண்டும். தமிழுக்கு அதன் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ' என்பது துண்டு துண்டாகச் சிதறும். ஸ்கிரைபஸ் இலவசம். பழைய 1.4 வரிசையில் தமிழ் உடையும். 2024இல் வந்த 1.6 பதிப்பில் ஒழுங்காக வருகிறது. மாணவர்களுக்கு நான் சொல்வது ஸ்கிரைபஸ். எதில் செய்தாலும், பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும்போது 'கொ', 'போ' போன்றவை முழுதாக நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். அச்சகத்துக்குத் திறந்த கோப்பைக் கொடுக்காமல் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கொடுங்கள். பழைய பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் வைத்திருக்கும் இடங்களில் யூனிகோட் வாசகத்தை மாற்றும்போது பிழைகள் நுழையும்.

200 பிரதிக்கு டிஜிட்டல் அச்சு. ஆஃப்செட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பிளேட் போட வேண்டும். அந்தச் செலவு 200இல் பங்கிட்டால் தாங்காது, 1000இல் பங்கிட்டால் தெரியாது. 500க்குமேல் போகும் எண்ணம் இருந்தால் இரண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

கணினியைத் தொடும் முன் ஒரு டம்மி செய்யுங்கள். ஐந்து ஏ4 தாளை ஒன்றாக வைத்து மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் எண்ணும் தலைப்பும் எழுதுங்கள். எந்தக் கட்டுரை எந்தத் தாளில் விழுகிறது, எது கலரில் வரும், எது வராது என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். இந்தக் குழுவின் டம்மி எங்கள் அச்சக மேசையில் இரண்டு வாரம் கிடந்தது. அதன் ஓரங்களில் தேநீர்க் கறையும், அடித்து அடித்து எழுதிய தலைப்புகளும்.

கடைசி புரூஃப் பார்க்கும் நாளில் ஆசிரியர் மாணவி அந்த டம்மியை எடுத்து, நடுப்பக்கத்தில் பின் விழும் இரண்டு இடங்களையும் ஸ்கேல் வைத்து அளந்தார். மேல் பின் பாடகரின் தொண்டைமேல் விழுவதாக இருந்தது. படத்தை வலப்பக்கம் எட்டு மில்லிமீட்டர் நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். இப்போது மேல் பின் மைக் கம்பிக்கும் அவர் தோளுக்கும் நடுவே இருட்டில் விழுகிறது. கீழ்ப் பின் மேடைப் பலகையில்.